கூட்டணி ஆட்சிதான் வரும் என்று தெரிந்தபின் ஓட்டை எங்கே போடுவது? ஜெர்மனியின் இரண்டு ஓட்டுக் கணக்கு

#1 பாலாற்றங்கரை

நம்ம ஊரில் கூட்டணி என்றால், தொகுதிப் பங்கீடு முடிந்து எந்தத் தொகுதியில் எந்தச் சின்னம் என்று தெரிந்த பிறகுதான் ஓட்டுப் போடுகிறோம். ஜெர்மனியில் தலைகீழ். எல்லாக் கட்சியும் தனித்தனியாக நிற்கிறது. ஓட்டு எண்ணி முடித்துவிட்டு வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் பேசி யாரோடு யார் என்று முடிவு செய்கிறார்கள்.

கேள்வி இரண்டு. விவரம் தெரிந்த வாக்காளர் அங்கே எதையெல்லாம் பார்த்து முடிவெடுக்கிறார்? பெரிய கட்சியின் ஆதரவாளர்கள் சின்னக் கூட்டாளியைக் காப்பாற்ற ஓட்டைக் 'கடன்' கொடுப்பார்கள் என்கிறார்களே, 2023-ல் தேர்தல் சட்டத்தை மாற்றிய பிறகும் அது செல்லுபடியாகுமா?

2024 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக வாக்குரிமை பெற்ற தமிழர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பொத்தாம்பொதுவாக இல்லாமல் கணக்கோடு சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

#2 கணக்கப்பிள்ளை

முதலில் ஓட்டுச்சீட்டு. இடது பக்கம் கறுப்பு அச்சு, அது முதல் ஓட்டு, தொகுதி வேட்பாளருக்கு. வலது பக்கம் நீல அச்சு, அது இரண்டாம் ஓட்டு, கட்சியின் மாநிலப் பட்டியலுக்கு. முதல் என்ற பெயரைப் பார்த்து அதுதான் முக்கியம் என்று நினைக்கிறவர்கள் ஜெர்மானியர்களிலேயே உண்டு. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது இரண்டாம் ஓட்டுதான். இடங்கள் 630. அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது.

அடுத்தது 5% வாசல். நாடு முழுவதும் பதிவான செல்லுபடியாகும் இரண்டாம் ஓட்டில் 5% வாங்காத கட்சிக்கு இடம் இல்லை. விதிவிலக்கு: மூன்று தொகுதிகளில் நேரடியாக முதலிடம் பிடித்தால் உள்ளே வரலாம். டேனிஷ் சிறுபான்மையினரின் எஸ்.எஸ்.டபிள்யூ. போன்ற கட்சிக்கு வாசலே கிடையாது.

கூட்டணிக் கணக்கில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெரும்பான்மைக்கு 50% ஓட்டு தேவையில்லை, *உள்ளே வந்த கட்சிகளின்* ஓட்டில் பாதிக்கு மேல் இருந்தால் போதும். 2025 பிப்ரவரி 23 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். சி.டி.யூ./சி.எஸ்.யூ. (பழமைவாதக் கட்சியும் பவேரியாவில் மட்டும் நிற்கும் அதன் துணைக்கட்சியும்) 28.5%, ஏ.எஃப்.டி. (தீவிர வலதுசாரி) 20.8, எஸ்.பி.டி. (சமூக ஜனநாயகக் கட்சி) 16.4, பசுமைக் கட்சி 11.6, இடதுசாரிக் கட்சி 8.8. எஃப்.டி.பி. (தாராளவாதக் கட்சி) 4.3-ல் வெளியே. பி.எஸ்.டபிள்யூ. (இடதுசாரிக் கட்சியிலிருந்து பிரிந்த புதுக் கட்சி) 4.98-ல் வெளியே. ஆக ஏறக்குறைய 14% ஓட்டு இடமாக மாறவே இல்லை. மீதி 86-ல் பாதி 43. சி.டி.யூ./சி.எஸ்.யூ.வும் எஸ்.பி.டி.யும் சேர்ந்து 44.9. அதனால்தான் 328 இடம் கிடைத்தது. தேவை 316.

இப்போது பி.எஸ்.டபிள்யூ. வாசலைத் தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பாருங்கள். வகுக்கும் எண் 86-லிருந்து 91-க்கு ஏறும். 44.9-ஐ 91-ஆல் வகுத்தால் 49.3%. பெரும்பான்மை போச்சு, மூன்றாவது கட்சி ஒன்று வேண்டும். பி.எஸ்.டபிள்யூ.வுக்குக் குறைந்தது சுமார் 9,500 ஓட்டு. ஏறக்குறைய 5 கோடி ஓட்டில்.

#3 வெட்டிப்பேச்சு

9,500 பேர் வீட்டில் படுத்துத் தூங்கியதால் ஒரு நாட்டுக்கு ஆட்சி அமைந்தது என்கிறீர்கள். நல்ல ஜனநாயகம்.

#4 கணக்கப்பிள்ளை

@வெட்டிப்பேச்சு, தூங்கியவர்களைவிட முழித்திருந்து கணக்குப் போட்டவர்கள்தான் இங்கே முக்கியம். பி.எஸ்.டபிள்யூ.வுக்குப் போடலாம் என்று நினைத்து, 'தாண்டாது, வீணாகிவிடும்' என்று கடைசி வாரத்தில் வேறு கட்சிக்கு மாறியவர்களை எண்ணிப் பாருங்கள். வாசலுக்கு அருகில் நிற்கும் கட்சிக்கு இது இரண்டு பக்கமும் வெட்டும். தாண்டாது என்ற எண்ணமே தாண்டவிடாது. தாண்டுமா என்று கூட்டாளிக் கட்சிக்காரர்கள் பதறினால் ஓட்டு வந்து குவியும். எஃப்.டி.பி. பல காலம் பிழைத்ததே இந்த இரண்டாவது வழியில்தான்.

#5 வடமராட்சி

அந்தச் சரித்திரத்தை நான் சொல்கிறேன்.

ஒரு கட்சிக்கு விழுந்த முதல் வாக்கையும் இரண்டாம் வாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கடன் எவ்வளவு என்று விளங்கும். 1972: எஸ்.பி.டி. முதல் வாக்கில் 48.9, இரண்டாம் வாக்கில் 45.8. அதன் கூட்டாளி எஃப்.டி.பி. முதல் வாக்கில் 4.8, இரண்டாம் வாக்கில் 8.4. எஸ்.பி.டி. ஆட்களில் ஒரு பகுதி தங்கள் தொகுதி வேட்பாளரை விட்டுக்கொடுக்காமல், கட்சி வாக்கை எஃப்.டி.பி.க்குத் தள்ளியிருக்கிறார்கள்.

1982 அக்டோபரில் எஃப்.டி.பி. கூட்டாளியை மாற்றி சி.டி.யூ. தலைவர் கோலைச் சான்சலர் (அரசின் தலைவர்) ஆக்கியது. அடுத்த மார்ச்சில் தேர்தல். முதல் வாக்கு 2.8, இரண்டாம் வாக்கு 7.0. கடன் கொடுத்தவர்கள் இந்த முறை சி.டி.யூ. பக்கம்.

2013 இரண்டு பாடம் உள்ள ஆண்டு. ஜனவரியில் நீடர்சாக்சன் மாநிலத் தேர்தல். கணிப்புகள் எஃப்.டி.பி.யை வாசலை ஒட்டியே காட்டின. சி.டி.யூ. ஆட்கள் பதறி அள்ளிக் கொடுத்தார்கள். எஃப்.டி.பி. 9.9%! சி.டி.யூ. 42.5-லிருந்து 36.0-க்கு இறங்கியது. ஆட்சியும் ஒரே ஓர் ஆசனத்தில் போனது, 69-க்கு 68.

செப்டெம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். சூடு கண்ட சி.டி.யூ. தலைமை, இந்த முறை இரண்டாம் வாக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னது. எஃப்.டி.பி. 4.8%. 1949-இலிருந்து முதல் தடவையாக வெளியே.

#6 வெட்டிப்பேச்சு

ஆக, கடன் கொடுத்ததால் நீடர்சாக்சன் ஆட்சி போனது. கொடுக்காதது சரிதானே?

#7 கணக்கப்பிள்ளை

இல்லை. பத்திரிகைகள் அப்போது எழுதியதும் இதுதான், கணக்கு வேறு. 36.0 + 9.9 = 45.9. எதிரணி எஸ்.பி.டி. 32.6 + பசுமை 13.7 = 46.3. கடன் ஓட்டு அணிக்குள்தான் இடம் மாறியது, அணியின் கூட்டுத்தொகை குறையவில்லை. எஃப்.டி.பி. 5.5 வாங்கி சி.டி.யூ. 40.4 வாங்கியிருந்தாலும் அதே 45.9-தான். தோற்றது அந்த 0.4 புள்ளியில். சி.டி.யூ.க்கு நஷ்டம் அணிக்குள்ளே நடந்தது: தன் உறுப்பினர்கள் குறைந்தார்கள், கூட்டாளி ஊதிப்போனது.

செப்டம்பரில் கொடுக்காததன் விலையைப் பாருங்கள். சி.டி.யூ./சி.எஸ்.யூ. 41.5 வாங்கியும் 631-ல் 311 இடம். பெரும்பான்மைக்கு 5 குறை. எஃப்.டி.பி.க்குக் குறைந்தது சுமார் 1 லட்சம் ஓட்டு. அந்த 1 லட்சத்தை சி.டி.யூ. விட்டுக்கொடுத்திருந்தால் அணியின் 46.3-க்கு எதிராக எஸ்.பி.டி., பசுமை, இடதுசாரி மூன்றும் சேர்ந்தே 42.7-தான். வலதுசாரிக் கூட்டணி அப்படியே தொடர்ந்திருக்கும்.

பதிலாக எஸ்.பி.டி.யோடு சேர வேண்டியிருந்தது. 63 வயது ஓய்வூதியம் 2014 ஜூலையிலும், மணிக்கு 8.50 யூரோ குறைந்தபட்சக் கூலி 2015 ஜனவரியிலும் வந்தன. 'என் ஓட்டு முழுக்க மெர்க்கலுக்கே' என்று, அப்போதைய சி.டி.யூ. சான்சலருக்காகப் போட்ட முதலாளிக்குக் கிடைத்தது எஸ்.பி.டி.யின் தொழிலாளர் சட்டம். நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. அவர் கேட்டது இதுவல்ல.

#8 சட்டப்புத்தகம்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன கடன் கதைகள் எல்லாம் பழைய சட்டத்தின் கீழ் நடந்தவை. 2025-க்குப் பொருந்தாது.

பழைய முறையில் தொகுதியில் வென்றவர் எப்படியும் உள்ளே போவார். இரண்டாம் ஓட்டு விகிதத்துக்கு மேல் ஒரு கட்சி தொகுதிகளை வென்றிருந்தால் அவை உபரி இடங்கள். 2013 வரை அந்த உபரிக்கு ஈடு கிடையாது. அதனால் சி.டி.யூ. ஆதரவாளர் முதல் ஓட்டைத் தன் வேட்பாளருக்கும் இரண்டாம் ஓட்டை எஃப்.டி.பி.க்கும் போட்டால் பல இடங்களில் இரட்டை லாபம். 2013 முதல் மற்ற கட்சிகளுக்கும் ஈட்டு இடங்கள் கொடுத்தார்கள். அவை வீங்கி 2021-ல் சபை 736 பேரானது.

2023 சட்டம் இரண்டையும் வெட்டிவிட்டது. ஒரு மாநிலத்தில் கட்சியின் இரண்டாம் ஓட்டு எத்தனை இடத்தைத் தாங்குகிறதோ அத்தனை பேருக்குத்தான் இருக்கை. தொகுதியில் வென்றவர்கள் அதற்கு மேல் இருந்தால், முதல் ஓட்டு விகிதப்படி வரிசை போட்டு, கடைசியில் நிற்பவர்களை வெட்டுவார்கள். 2025-ல் இப்படி 23 பேர் தொகுதியில் முதலிடம் பிடித்தும் உள்ளே போகவில்லை: சி.டி.யூ. 15, ஏ.எஃப்.டி. 4, சி.எஸ்.யூ. 3, எஸ்.பி.டி. 1. பவேரியாவில் 47 தொகுதியையும் சி.எஸ்.யூ.தான் வென்றது. இருக்கை 44 பேருக்கு.

ஆகவே சி.டி.யூ. ஆதரவாளர் இரண்டாம் ஓட்டைக் கூட்டாளிக்குக் கொடுத்தால், தன் முதல் ஓட்டு வேட்பாளரின் காலடியில் இருக்கும் பலகையைத் தானே உருவுகிறார். முன்பு இலவசமாக இருந்த கடனுக்கு இப்போது வட்டி உண்டு.

#9 பாலாற்றங்கரை

தலைவரே, இதை ஒரு உதாரணத்தோடு சொல்ல முடியுமா? கடைசிப் பத்தி கொஞ்சம் சுற்றுகிறது.

#10 சட்டப்புத்தகம்

கற்பனை மாநிலம் ஒன்று. அங்கே 'அ' கட்சி 32 தொகுதியில் முதலிடம். இரண்டாம் ஓட்டு 30 இடத்தைத் தாங்குகிறது. முதல் ஓட்டு விகிதத்தில் கடைசி 2 பேர் வெளியே. 2025 கணக்கில் ஓர் இடத்துக்குச் சுமார் 68,000 இரண்டாம் ஓட்டு. 'அ' ஆதரவாளர்கள் 1,36,000 பேர் 'ஆ' கட்சிக்குக் கடன் கொடுத்தால் 30 என்பது 28 ஆகும். வெளியே நிற்பவர்கள் 4.

அந்த 4 பேர் யார் என்று பாருங்கள். முதல் ஓட்டு விகிதம் குறைந்தவர்கள், அதாவது மும்முனை நான்குமுனைப் போட்டியில் 26%, 27% வாங்கி வென்றவர்கள். பெரும்பாலும் நகரத் தொகுதிகள். கடன் கொடுக்கும் பழக்கம் உள்ள படித்த நடுத்தர வாக்காளரும் அங்கேதான் அதிகம். கிராமப்புறத்தில் 45% வாங்கி வென்றவருக்கு ஆபத்தில்லை.

'ஆ' கட்சி என்ன ஆகும்? 3 வழி:

கடன் வந்தும் 4.3-ல் நின்றது: 'அ' இழந்தது இழந்ததுதான். அணிக்கே நஷ்டம்.
கடன் இல்லாமலே 7% வாங்கும் நிலை: அணிக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, 'அ' கட்சிக்கு மட்டும் இறக்கம்.
கடனால் 4.9 என்பது 5.1 ஆனது: அணிக்கு ஒரே அடியில் 30-க்கும் மேற்பட்ட இடம்.

கடன் ஓட்டுக்கு அர்த்தம் உள்ளது மூன்றாவது நிலையில் மட்டும். சும்மா 'கூட்டாளியாயிற்றே' என்று போடக்கூடாது.

#11 தேங்காய்_பட்டர்

மூன்றாவது நிலையா இல்லையா என்று ஓட்டுப் போடுகிறவனுக்கு எப்படித் தெரியும்? கணிப்பில் 4.5 என்று போட்டால் அது 4-ஆ 5-ஆ?

#12 கணக்கப்பிள்ளை

சரியான கேள்வி. 1,300 பேரிடம் கேட்ட கணிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30% வாங்கும் கட்சிக்குப் பிழை வரம்பு மேலும் கீழும் சுமார் 2.5 புள்ளி. 4.5% கட்சிக்குச் சுமார் 1.1 புள்ளி. அதாவது 3.4-லிருந்து 5.6 வரை எதுவும் இருக்கலாம். இது மாதிரி எடுப்பதால் வரும் பிழை மட்டும். அதற்கு மேல் நிறுவனங்கள் செய்யும் எடை போடுதல் வேறு.

ஆகவே ஒரு கணிப்பைப் பார்க்காதீர்கள். கடைசி 10 நாளில் வந்த நான்கைந்து நிறுவனக் கணிப்புகளை வரிசையாக வைத்து, எல்லாம் 4 முதல் 5.5-க்குள் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லாமே 4-க்குக் கீழ் என்றால் கடன் கொடுப்பது குப்பைத்தொட்டியில் போடுவது. எல்லாமே 6-க்கு மேல் என்றால் அவசியமில்லை.

இன்னொன்று. உங்களைப் போலவே இன்னும் பல ஆயிரம் பேர் அதே கணிப்பைத்தான் பார்க்கிறார்கள். நீடர்சாக்சனில் 5-ஐ ஒட்டி நின்றது 9.9-க்குப் பாய்ந்தது அதனால்தான். யாருக்கு எத்தனை பேர் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் பேசிவைக்க வழியில்லாத ஆட்டம் இது.

தபால் ஓட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பே போட்டு அனுப்பிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் உங்களுக்கு உதவாது. 2025-ல் சுமார் 37% பேர் தபாலில் போட்டார்கள். கணக்குப் போட்டு ஓட்டுப் போடுகிறவர் என்றால் நேரில் போங்கள், அல்லது கடைசி வாரத்தில் நகராட்சி அலுவலகத்திலேயே சீட்டு வாங்கி அங்கேயே போட்டுவிடுங்கள்.

#13 வடமராட்சி

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். யாரோடு யார் சேருவார்கள் என்று கட்சிகள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? என் கணிப்பில் பலர் ஏமாறுவது வாசலில் இல்லை, இங்கேதான்.

'இந்தக் கட்சியோடு சேரமாட்டோம்' என்பது ஒரு வகை. 'இன்னாரோடுதான் சேருவோம்' என்பது இன்னொன்று. மூன்றாவது, வாயே திறக்காமல் இருப்பது. முதல் வகையில் கட்சி மாநாட்டுத் தீர்மானம் இருந்தால் ஓரளவு நிற்கும். ஏ.எஃப்.டி.யோடும் இடதுசாரிக் கட்சியோடும் கூட்டு இல்லை என்று சி.டி.யூ. 2018 மாநாட்டில் எடுத்த தீர்மானம் அப்படி. மேடையில் ஒரு தலைவர் சொன்னது மட்டும் என்றால் அதன் ஆயுள் வாக்குப்பெட்டி திறக்கும் வரைதான்.

ஹெஸ்ஸே மாநிலத் தேர்தல் 2008-ஐப் பாருங்கள். எஸ்.பி.டி. தலைவி இப்சிலாண்டி, இடதுசாரிக் கட்சியின் தயவில் ஆட்சி அமைக்கமாட்டேன் என்று சொல்லி வாக்குக் கேட்டார். முடிவு, ஆசனக் கணக்கில்: சி.டி.யூ. 42, எஸ்.பி.டி. 42, எஃப்.டி.பி. 11, பசுமை 9, இடதுசாரி 6. மொத்தம் 110. வேறு வழி அமையாததால் இடதுசாரிகளின் வெளி ஆதரவோடு ஆட்சி அமைக்கப் பார்த்தார். பசுமையோடு அவர்களையும் சேர்த்தால் 57, தேவை 56. நவம்பரில் சொந்தக் கட்சியின் நான்கு உறுப்பினர்கள் மறுத்துவிட்டார்கள். 2009 ஜனவரியில் மறுதேர்தல். எஸ்.பி.டி. 36.7-லிருந்து 23.7-க்கு விழுந்தது. வாக்குறுதியை மீறியதற்கு வாக்காளர் கொடுத்த தண்டனை, ஆனால் ஒரு வருடம் கழித்து.

2017-இல் எஃப்.டி.பி. வேறு விதமாக ஏமாற்றியது. சி.டி.யூ./சி.எஸ்.யூ., பசுமை, எஃப்.டி.பி. பேச்சுவார்த்தையிலிருந்து நவம்பர் 19 இரவு எழுந்து போய்விட்டது. செப்டெம்பர் 24 தேர்தலுக்கு அடுத்த ஆண்டு மார்ச் 14-ஆம் திகதிதான் அரசு. கூட்டணிக்கென்று எஃப்.டி.பி.க்குப் போட்டவர்களின் வாக்கு எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்தது.

நெதர்லாந்தில் நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. அங்கே 150 ஆசனம், வாசல் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை, ஓர் ஆசனத்துக்கான வாக்கு இருந்தால் போதும். 2012-இல் வலதுபக்கம் பிரதமர் ருட்டேயின் வி.வி.டி. கட்சியும் இடதுபக்கம் தொழிற்கட்சியும் முட்டி மோதின. ருட்டே வந்துவிடக்கூடாது என்று சோசலிஸ்ட், பசுமை ஆட்கள் தொழிற்கட்சிக்கு மாறினார்கள். இடதுசாரிகள் வந்துவிடக்கூடாது என்று மற்றப் பக்கத்து ஆட்கள் ருட்டேக்கு மாறினார்கள். வி.வி.டி. 41, தொழிற்கட்சி 38. பிறகு இரண்டு கட்சியும் *சேர்ந்து* ஆட்சி அமைத்தன. ஒருவரைத் தடுக்க மற்றவருக்குப் போட்ட அத்தனை பேரும் இருவரையும் பெற்றுக்கொண்டார்கள். 2017-இல் தொழிற்கட்சி 38-லிருந்து 9.

#14 வெட்டிப்பேச்சு

நம்ம ஊரில் அந்தக் கட்சிக்கு டெபாசிட்டே கிடைத்திருக்காது.

#15 தேங்காய்_பட்டர்

@வடமராட்சி அண்ணை, அப்படியானால் தந்திரம் எல்லாம் விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்த கட்சிக்கே போட்டுவிட்டுப் போகலாமே. யாரோடு சேருவார்கள் என்று யாருக்கும் தெரியாதபோது கணக்குப் போடுவதில் என்ன பயன்?

#16 கணக்கப்பிள்ளை

பாதி சரி. பிடித்த கட்சி 6-க்கு மேல் நிற்கிறது என்றால் பெரும்பாலும் அதுவே நல்ல முடிவு. ஆனால் 'எந்த அரசு' என்பதைத் தாண்டி, அரசுக்குள்ளே யாருக்கு எவ்வளவு பலம் என்ற கேள்வி இருக்கிறது. கூட்டணி ஏறக்குறைய நிச்சயம் என்று தெரிந்துவிட்டால் அதுதான் முதன்மைக் கேள்வி.

2025-ல் பிப்ரவரித் தொடக்கத்திலேயே நிலவரம் தெளிவு. சி.டி.யூ./சி.எஸ்.யூ. முதலிடம். ஏ.எஃப்.டி.யோடு சேராது. பசுமைக் கட்சி வேண்டாம் என்று சி.எஸ்.யூ. தலைவர் ஸோடர் போகுமிடமெல்லாம் சொன்னார். இடதுசாரிக் கட்சிக்கு மாநாட்டுத் தீர்மானம் தடை. மிஞ்சியது எஸ்.பி.டி. அப்படியென்றால் சி.டி.யூ. தலைவர் மெர்ஸ் சான்சலர் ஆகக்கூடாது என்று எஸ்.பி.டி.க்குப் போட்ட ஓட்டு, நடைமுறையில் மெர்ஸ் அரசுக்குள் எஸ்.பி.டி.யின் கையை வலுப்படுத்தும் ஓட்டு. அதைத் தெரிந்து போட்டால் நல்லது.

அந்தக் கை எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 16.4% வாங்கிய எஸ்.பி.டி.க்கு 17 அமைச்சர்களில் 7. நிதி, பாதுகாப்பு, தொழிலாளர் நலம், சட்டம் எல்லாம் அவர்களிடம். 28.5 வாங்கிய பக்கத்துக்கு 10, அதில் சி.எஸ்.யூ. 3. வேறு கூட்டாளி கிடையாது என்ற நிலை வந்துவிட்டால் சின்னவரின் விலை ஏறிவிடும். கூட்டணி ஒப்பந்தத்தை எஸ்.பி.டி. தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டது, 2013, 2018, 2025 மூன்று முறையும். 'எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே' என்பது பேரத்தில் பெரிய ஆயுதம்.

இதன் மறுபக்கம்தான் பலருக்குப் பிடிபடாதது. பெரிய கட்சி எப்படியும் ஆட்சிக்கு வரும், நடுவழியில்தான் போகும் என்று நினைப்பவர், தன் விருப்பத்தைவிடக் கொஞ்சம் *தள்ளி* நிற்கும் கட்சிக்குப் போடுவார். அந்தக் கட்சி கூட்டணிக்குள் வந்தால் சமரசம் தன் பக்கம் கொஞ்சம் சாயும் என்று. மிதமான சூழலியல்காரர் பசுமைக் கட்சிக்குப் போடுவது இப்படி. ஆனால் இது நடக்க அந்தக் கட்சி கூட்டணிக்குள் வரக்கூடியதாக இருக்க வேண்டும். எல்லோரும் கதவடைத்துவிட்ட கட்சிக்குப் போட்டால் இழுவிசை எதிர்ப்பக்கம் வேலை செய்யும். மீதிக் கட்சிகள் நெருங்கி உட்கார வேண்டிவரும்.

பெரும்பான்மையின் அளவையும் பாருங்கள். 328-க்கு 316, உபரி 12 பேர். 2025 மே 6 அன்று சான்சலரைத் தேர்ந்தெடுக்க நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பின் முதல் சுற்றில் மெர்ஸுக்கு விழுந்தது 310. இரண்டாவது சுற்றில் 325 வாங்கித்தான் சான்சலர் ஆனார்.

#17 சட்டப்புத்தகம்

மூன்று தொகுதி விதிவிலக்கை யாரும் விரிக்கவில்லை. முதல் ஓட்டுக்கு இன்னும் உயிர் இருப்பது அங்கேதான்.

2021-ல் இடதுசாரிக் கட்சிக்கு 4.9%. ஆனால் பெர்லினில் இரண்டு, லைப்ஸிக்கில் ஒன்று என மூன்று தொகுதி வென்றதால் 39 இடத்தோடு உள்ளே வந்தது. 2002-ல் அதன் முன்னோடியான பி.டி.எஸ். 4.0%, இரண்டு தொகுதி. இரண்டே பேர் மட்டும் சபையில்.

2023 சட்டம் இந்த விதியை நீக்கியது. 2024 ஜூலை 30 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், 630 இடம் என்பதும் இரண்டாம் ஓட்டு தாங்குகிற அளவுக்குத்தான் இருக்கை என்பதும் செல்லும், ஆனால் விதிவிலக்கே இல்லாத 5% வாசல் செல்லாது, புதுச் சட்டம் வரும்வரை மூன்று தொகுதி விதி தொடரும் என்றது. 2021-ல் நாடு முழுவதும் 5.2% மட்டுமே வாங்கிய சி.எஸ்.யூ.வுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

2025-ல் இடதுசாரிக் கட்சி கீஸி, பார்ட்ஷ், ரமெலோ என்று மூன்று நரைத்த தலைகளைக் குறிவைத்த தொகுதிகளில் இறக்கியது. கீஸியும் ரமெலோவும் வென்றார்கள், பார்ட்ஷ் ரோஸ்டாக்கில் தோற்றுப் பட்டியல் வழியாக வந்தார். கடைசியில் கட்சி 8.8% வாங்கிவிட்டதால் அந்த ஏற்பாடு தேவைப்படவே இல்லை. ஆனால் டிசம்பர் நிலவரத்தில் அது புத்திசாலித்தனம். அப்படிப்பட்ட தொகுதியில் இருப்பவருக்கு முதல் ஓட்டு இரண்டாம் ஓட்டைவிட எடை அதிகம்.

ஒரு பொறியும் உண்டு. முதல் ஓட்டைச் சுயேச்சைக்குப் போட்டு அவர் வென்றுவிட்டால், உங்கள் இரண்டாம் ஓட்டு இடப் பங்கீட்டில் சேராது. இரட்டைப் பலனைத் தடுக்கும் விதி.

#18 பாலாற்றங்கரை

ஓட்டுப் போடாமல் இருந்தால் கட்சிக்கு லாபம் என்று ஒரு விசித்திரமான தேர்தல் நடந்ததாமே, டிரெஸ்டனில்?

#19 சட்டப்புத்தகம்

2005, டிரெஸ்டன் 1 தொகுதி. வேட்பாளர் ஒருவர் இறந்ததால் அங்கே மட்டும் தேர்தல் இரண்டு வாரம் தள்ளி, அக்டோபர் 2-ல். நாட்டின் மற்ற எல்லா முடிவும் கையில் இருக்க, ஒரு தொகுதி மட்டும் பாக்கி. எல்லோரும் கால்குலேட்டரோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

சாக்சனி மாநிலத்தில் சி.டி.யூ.வுக்கு ஏற்கனவே உபரி இடங்கள் இருந்தன. கட்சியின் இடங்களை மாநிலங்களுக்குள் பிரிக்கும் கணக்குப்படி, டிரெஸ்டனில் சுமார் 41,000-க்கு மேல் இரண்டாம் ஓட்டு விழுந்தால், வேறொரு மாநிலப் பட்டியலில் இருந்து ஓர் இடம் சாக்சனிக்கு நகரும். சாக்சனியில் அது புது இடமாகாது, இருக்கிற உபரியோடு கரைந்துவிடும். அங்கே ஒன்று போச்சு, இங்கே ஒன்றும் வரவில்லை. கூடுதல் ஓட்டு வாங்கினால் மொத்தத்தில் ஓர் இடம் குறையும்!

சி.டி.யூ. ஆதரவாளர்கள் புரிந்துகொண்டார்கள். முதல் ஓட்டில் அவர்கள் வேட்பாளர் 37% வாங்கி வென்றார். இரண்டாம் ஓட்டில் கட்சிக்கு 24.4%. எஃப்.டி.பி.க்கு 16.6%. சி.டி.யூ. 41,000-க்குக் கீழேயே நின்றது. வாக்காளர்கள் எவ்வளவு தூரம் கணக்குப் பார்ப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. 2008 ஜூலை 3-ல் நீதிமன்றம் அந்தக் கணக்கு முறையே செல்லாது என்றது.

#20 மைலாப்பூர்_டு_மியூனிக்

நல்ல இழை. பவேரியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மேலே சொன்னது எல்லாம் நாடாளுமன்றத் தேர்தலுக்கு. மாநிலத் தேர்தலில் முதல் ஓட்டு, இரண்டாம் ஓட்டு இரண்டையும் கூட்டித்தான் கட்சியின் இடமும் 5% வாசலும் கணக்கிடப்படும். 'முதல் ஓட்டு நம்ம ஆளுக்கு, இரண்டாவது கூட்டாளிக்கு' என்று பிரித்தால் உங்கள் பலத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கிறீர்கள், அவ்வளவுதான். அங்கே இரண்டாம் ஓட்டில் கட்சிப் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட ஒருவர் பெயருக்கு நேராகவே குறி போடலாம். ஹாம்பர்க், பிரேமன் பக்கம் விதிகள் இன்னும் வேறு. மாநில ஓட்டுச்சீட்டின் மாதிரியை முன்பே பார்த்துவிடுங்கள்.

#21 தேங்காய்_பட்டர்

5%-க்குக் கீழே விழுந்த ஓட்டு முழுக்க வீண்தானா? அப்புறம், ஒரு ஓட்டை மட்டும் போட்டு இன்னொன்றைக் காலியாக விட்டால் சீட்டே செல்லாமல் போய்விடுமா?

#22 சட்டப்புத்தகம்

முழுக்க வீண் இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் 0.5%, மாநிலத் தேர்தலில் 1% தாண்டிய கட்சிக்கு ஓட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு நிதி உண்டு. முதல் 40 லட்சம் ஓட்டுக்கு விகிதம் கொஞ்சம் அதிகம். அடுத்த தேர்தலுக்குக் கட்சியை வளர்க்க நினைப்பவருக்கு இதுவே காரணமாகலாம். இந்த முறை ஆட்சியில் யார் என்பது உங்கள் கவலை என்றால் இது ஆறுதல் பரிசு.

ஒன்றைக் காலியாக விட்டால் அது மட்டும்தான் செல்லாது, மற்றது செல்லும். தொகுதி வேட்பாளர் யாரையும் பிடிக்காவிட்டால் தாராளமாக இடது பக்கத்தை விட்டுவிடலாம். ஒரே பக்கத்தில் இரண்டு குறி போட்டால் அந்த ஓட்டு போச்சு. சீட்டில் கருத்து எழுதாதீர்கள், 'எஃப்.டி.பி., ஆனால் கூட்டணி வேண்டாம்' என்று நிபந்தனை எழுதினாலும் செல்லாது.

தபாலில் போடுகிறவர்கள் சறுக்குவது வேறு இடம். சீட்டை உள் உறையில் போட்டு ஒட்ட வேண்டும். வாக்காளர் அத்தாட்சித் தாளில் கையெழுத்திட்டு, அதை உள் உறைக்கு *வெளியே*, சிவப்பு உறைக்குள் வைக்க வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டாலும், தாளை உள் உறைக்குள் வைத்து ஒட்டிவிட்டாலும் எண்ணமாட்டார்கள். உறை தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், தபால் முத்திரைத் தேதி கணக்கில்லை. வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறவர்கள் கடைசி வாரக் கணிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.